ஒரே தாய் வயிறு, இரண்டு நிற அடையாளக் கார்டு



பூலாவ் செபாங் ரயில் நிலையத்தில் இறங்கித் தம்பின் கடைத்தெருவுக்குப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வழியில் எந்த இடத்தில் மலாக்கா முடிந்தது, எந்த இடத்தில் நெகிரி செம்பிலான் தொடங்கியது என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? சாலையோரத்துப் பலகை ஒன்றைத்தான் காட்ட முடியும். மண் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். இந்தப் பக்கத்தில் பெண் எடுத்து அந்தப் பக்கத்தில் பெண் கொடுத்து வாழ்கிறவர்கள் நாம்.

கிழக்கே ஜாசின் பக்கம் போனால் கெசாங் ஆறு. ஆற்றுக்கு இக்கரை மலாக்கா, அக்கரை ஜொகூர். 2014 தொடக்கம் முதல் 2024 முடியும்வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் வாராந்திர விடுமுறை. மலாக்காவிலோ சனியும் ஞாயிறும். அக்கரையில் வேலை செய்த அப்பாவும் இக்கரையில் படித்த பிள்ளையும் பதினோரு ஆண்டுகள் சனிக்கிழமை ஒரு நாள்தான் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 2025 ஜனவரி முதல் தேதிதான் அது சரியாயிற்று.

எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் சட்டம் அந்தக் கோட்டின்மேல் வந்து உட்காரும்போது அது நம் அடுப்படிவரை வந்துவிடுகிறது. விடுமுறை விஷயம் சிறியது. என் வீட்டில் இதே கோடு செய்த பெரிய காரியத்தை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஊர்க்கதை பேசுவதற்காக அல்ல. உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதங்களை இன்று இரவே ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்வதற்காகத்தான்.

அக்காளும் தம்பியும்

என் அப்பாவைப் பெற்ற பாட்டி 1938ஆம் ஆண்டு தம்பினுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பக்கத்து லயத்து மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தாள். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. 'பெண் பிள்ளைதானே, இதற்காக ஒரு நாள் சம்பளத்தை விடுவதா?' என்று விட்டுவிட்டார்களாம். மூன்று வருஷம் கழித்துக் குடும்பம் எல்லை தாண்டி மலாக்காத் தோட்டம் ஒன்றுக்கு வந்தது. அங்கே பிரசவம் சிக்கலாகி மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடத்தில் பாட்டியின் தம்பி பிறந்தார். ஆஸ்பத்திரியில் பிறந்ததால் பிறப்புப் பத்திரமும் கையோடு வந்தது. அவரை நாங்கள் 'மலாக்காத் தாத்தா' என்றே அழைப்போம்.

ஒரே தாய், ஒரே தகப்பன். இரு பெற்றோரும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்கள். ஆனால் தம்பியின் கையில் நீல நிற அடையாளக் கார்டு. அக்காளின் கையில் சிவப்பு நிறக் கார்டு. நீலம் குடிமகனுக்கு, சிவப்பு நிரந்தரவாசிக்கு. 'அவன் தங்கத் தொட்டிலிலா பிறந்தான்? நான் தகரத்திலா பிறந்தேன்?' என்று பாட்டி சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்பில் இருந்த கசப்பு எனக்கு ஆசிரியர் பயிற்சி முடித்து, சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது.

கோடு போட்டவர்கள் யார்?

1824ஆம் ஆண்டு லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சுமத்ராவில் இருந்த பென்கூலனை டச்சுக்காரருக்குக் கொடுத்து மலாக்காவை ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். 1826இல் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றையும் சேர்த்து 'நீரிணைக் குடியேற்றங்கள்' என்று பெயர் வைத்தார்கள். 1867 முதல் அது நேரடியாகப் பிரிட்டிஷ் அரசின் காலனியாயிற்று. ஆனால் பக்கத்திலிருந்த நெகிரி செம்பிலானும் ஜொகூரும் அப்படியல்ல. அவை மலாய் ஆட்சியாளர்களின் நாடுகள். பிரிட்டிஷாரின் பாதுகாப்பில் இருந்தவை.

இதனால் என்ன வந்தது? மலாக்கா மண்ணில் பிறந்த பிள்ளை, அதன் தகப்பன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், பிறந்த மண்ணைக் கொண்டே பிரிட்டிஷ் பிரஜை ஆயிற்று. தம்பினுக்கு அந்தப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு அந்த மண்ணில் பிறந்ததால் மட்டும் அந்த உரிமை வரவில்லை. பால்மரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பால் வெட்டியவர்களுக்கும் தெரியாது. சட்டப் புத்தகத்துக்கு மட்டும் தெரியும்.

1948இல் மலாயாக் கூட்டரசு அமைந்தபோது 'கூட்டரசுப் பிரஜாவுரிமை' என்ற ஒன்று வந்தது. 1952இல் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தின்படி, மலாக்காவிலோ பினாங்கிலோ பிறந்த பிரிட்டிஷ் பிரஜை தானாகவே கூட்டரசுப் பிரஜை. மலாய் மாநிலம் ஒன்றில் பிறந்தவருக்கோ, அந்த மாநிலத்திலேயே பெற்றோரில் ஒருவரும் பிறந்திருந்தால்தான் தானாக உரிமை வரும்; இல்லாவிட்டால் மனுப் போட வேண்டும். மலாக்காத் தாத்தா பதினோரு வயதில், தனக்கே தெரியாமல் பிரஜையாகிவிட்டார். பதினாலு வயதுப் பாட்டி தினமும் மங்கு கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியாது.

திறந்திருந்த கதவு

1956 பிப்ரவரி 20ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மான் மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில்தான் சுதந்திரத் தேதியை மக்களுக்கு அறிவித்தார். அந்தக் கூட்டத்திற்கு எங்கள் தோட்டத்திலிருந்தும் லாரி ஏறிப் போனார்களாம். 1957 ஆகஸ்டு 31 பிறந்தது. இந்த நாட்டில் முன்பே பிறந்து குடியுரிமை பெறாமல் இருந்தவர்கள் மனுச் செய்து பெறலாம் என்று அரசமைப்புச் சட்டம் வழி விட்டது. முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய்மொழித் தேர்ச்சிகூடக் கேட்கப்படவில்லை.

நேயர்களே, அந்த ஓர் ஆண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். பாட்டிக்கு அப்போது பத்தொன்பது வயது. கதவு விரியத் திறந்திருந்தது. தாத்தாவோ தமிழ்நாட்டில் பிறந்தவர். 'இன்னும் இரண்டு வருஷத்தில் ஊருக்குப் போய்விடப் போகிறோம், நமக்கெதற்குக் கார்டு?' என்றாராம். அந்த இரண்டு வருஷம் அவர் கண் மூடும்வரை வரவே இல்லை. பாட்டியிடம் பிறந்ததற்கான பத்திரமும் கிடையாது. பிறந்த தோட்டத்துக்குப் போய்ப் பெரிய கிராணியிடம் பழைய செக்ரோல் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லலாம் என்று எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. ஓராண்டு போயிற்று. கதவும் மெல்லச் சாத்திக்கொண்டது.

பர்மிட் காலம்

சிவப்புக் கார்டினால் உடனே ஒன்றும் ஆகிவிடவில்லை. பொழுது விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு என்று காலம் ஓடியது. ஆனால் 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து 1969இல் அமலானபோதுதான் நிறத்தின் பொருள் புரிந்தது. குடியுரிமை இல்லாதவர் இந்த நாட்டில் வேலை செய்ய இனிப் பர்மிட் வேண்டும் என்றார்கள். முப்பது ஆண்டுகளாக ஒரே மரத்தைச் சீவியவன்கூட ஒரு துண்டுக் காகிதத்துக்காகக் காத்து நின்றான்.

அந்தக் காலத்தில் சுமார் 60,000 இந்தியர்கள் இந்நாட்டை விட்டுப் போனதாகச் சரித்திரம் எழுதுவோர் கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் லயத்திலிருந்து நான்கு குடும்பங்கள் போயின. சட்டி பானைகளை விற்று, வளர்த்த ஆட்டை அடுத்த வீட்டில் கொடுத்து, போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறினார்கள். அவர்களில் பாட்டியின் உற்ற தோழி ஒருத்தி. இங்கேயே பிறந்தவள், தமிழ்நாட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 'ஊருக்குப் போகிறேன்' என்று சொல்ல வராமல் 'புருஷன் ஊருக்குப் போகிறேன்' என்றாளாம். பிறகு ஒரு கடிதம் வந்தது. இரண்டாவது கடிதம் வரவில்லை.

பாட்டிக்குப் பர்மிட் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு முறை தவணை முடியும்போதும் வீட்டில் சோறு இறங்காது. நிலக் குடியேற்றத் திட்டத்துக்கு மனுப் போட வழியில்லை. தேர்தல் நாளில் மலாக்காத் தாத்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுப் போடப் போவார். பாட்டி வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுப்பு வேலைக்குத் திரும்புவார். பிற்காலத்தில் இரண்டு முறை குடியுரிமைக்கு மனுப் போட்டார். சந்தையில் மலாய்க்காரப் பெண்களோடு மணிக்கணக்கில் பேசிச் சிரிப்பவர், நேர்முகத்தில் நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டபோது வாயடைத்துப் போனார். 2009இல் காலமானார். ஒரு முறையாவது ஓட்டுப் போடாமலே போய்ச் சேர்ந்தார்.

சிவப்புக் கார்டு செய்த ஒரு நன்மை

ஆனாலும் அந்தச் சிவப்புக் கார்டு வீணாகிவிடவில்லை. என் அப்பா 1960இல் பிறந்தார். சுதந்திர நாளுக்கும் 1962 அக்டோபருக்கும் இடையே இந்த மண்ணில் பிறந்த எல்லாரும் சட்டப்படி குடிமக்கள். ஆகவே அப்பாவுக்குத் தொல்லையில்லை. அத்தை பிறந்தது 1964இல். அதற்குள் சட்டம் இறுகிவிட்டது: பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். தாத்தா பாட்டி இருவரும் குடிமக்கள் அல்லர்; ஆனால் நிரந்தரவாசிகள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அத்தை கரையேறினார்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். 2024 அக்டோபர் 17ஆம் தேதி நாடாளுமன்ற மக்களவை அரசமைப்புச் சட்டத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. அதில் ஒரு நல்ல செய்தி உண்டு. மலேசியத் தாய் வெளிநாட்டில் பெறும் பிள்ளைக்கும், தகப்பன் வெளிநாட்டவராக இருந்தாலும், தகப்பன் வழியைப் போலவே தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்க அது வழி செய்கிறது. ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்து, அங்கேயே மணமுடித்துப் பிள்ளை பெறும் நம் பெண்களுக்கு இது எத்தனை பெரிய ஆறுதல்! ஆனால் அதே திருத்தத்தில் இன்னொரு மாற்றமும் இருக்கிறது. அத்தையைக் கரையேற்றிய 'நிரந்தரவாசி' என்ற அந்த வார்த்தை எடுக்கப்படுகிறது. அது நடைமுறைக்கு வந்தபின் பிறக்கும் பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் சிவப்புக் கார்டு வைத்திருப்பது மட்டும் போதாது. உங்கள் குடும்பத்தில் இன்னும் சிவப்புக் கார்டோடு இருக்கும் இளையவர்கள் இருந்தால், 'பிறகு பார்க்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள். எங்கள் தாத்தாவும் அதைத்தான் சொன்னார்.

நீலக் கார்டுக்கும் ஒரு கண்ணி

எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்த மலாக்காத் தாத்தா குடும்பத்துக்குக் கவலையே இல்லை என்று எண்ண வேண்டாம். 1957க்கு முன் மலாக்காவிலும் பினாங்கிலும் பிறந்தவர்களின் பழைய பிரிட்டிஷ் உரிமையைச் சுதந்திரச் சட்டம் எடுத்துவிடவில்லை. 1983 முதல் அந்த உரிமைக்கு 'பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமகன்' என்று பெயர். பெயர்தான் பெரியது, பிரிட்டனில் போய்த் தங்கி வாழும் உரிமை அதில் கிடையாது.

2000த்தின் தொடக்க ஆண்டுகளில் இதை வைத்துச் சில முகவர்கள் பிழைப்பு நடத்தினார்கள். மலாக்காத் தாத்தாவின் மகன், எனக்கு மாமா முறை, அவரிடமும் ஒருவன் வந்தான். 'அப்பாவின் மலாக்காப் பிறப்புப் பத்திரம் இருக்கிறதல்லவா? மலேசியக் குடியுரிமையை விட்டுவிட்டால் போதும், லண்டன்காரராகிவிடலாம்' என்று ஆசை காட்டினான். மாமா பணம் கட்டக்கூடத் தயாராகிவிட்டார். தாத்தாதான் தடுத்தார். 'என் அக்காள் ஒரு காகிதம் இல்லாமல் ஆயுசு பூராவும் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவன் நான். கையில் இருக்கிற காகிதத்தை நீ ஏனடா விடப் பார்க்கிறாய்?' என்றார்.

தாத்தா படிக்காதவர், ஆனால் அவர் சொன்னதே சரி. பிரிட்டன் 2002இல் கொண்டுவந்த சட்டம், வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத கடல்கடந்த குடிமக்களுக்கு வழி திறந்தது உண்மைதான். ஆனால் 2002 ஜூலை 4ஆம் தேதிக்குப் பிறகு தன் குடியுரிமையைத் தானே விட்டவருக்கு அந்த வழி கிடையாது என்று அதே சட்டம் கதவை அடைத்தது. இது தெரியாமல் மலேசியக் குடியுரிமையைத் துறந்தவர்கள் பிரிட்டனிலும் உரிமையில்லாமல், இங்கேயும் உரிமையில்லாமல் ஆண்டுக்கணக்கில் தவித்தார்கள். ஒருத்தி காகிதம் இல்லாமல் கெட்டாள். இன்னொருவர் காகிதத்தைக் கைவிட்டுக் கெட்டார். இரண்டுக்கும் வேர் அந்தப் பழைய கோடுதான்.

வகுப்பறையில் நான் காண்பது

இதெல்லாம் பழங்கதை என்று சொல்வீர்களானால், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சேரும் நாளில் எங்கள் பள்ளிக்கு வந்து பாருங்கள். மற்றப் பிள்ளைகள் பிறப்புப் பத்திரத்தோடு வருவார்கள். எங்கோ ஒரு பிள்ளை மட்டும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நிற்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பையன் வந்தான். அப்பா தோட்டத்திலேயே பிறந்த நீலக் கார்டுக்காரர். அம்மா எல்லைக்கு அப்பாலிருந்து வேலைக்கு வந்தவர். கோயிலில் மாலை மாற்றி, ஊர் கூடிச் சோறு போட்டுத்தான் கல்யாணம் செய்தார்கள். ஆனால் பதியவில்லை.

முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் பதியப்பட வேண்டும் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து அது அமலில் இருக்கிறது. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை விஷயத்தில் தகப்பன் கணக்கில் வருவதில்லை. தாயின் நாடுதான் கணக்கு. ஊருக்கு அவர் அப்பா. பிள்ளைக்கும் அவர்தான் அப்பா. சட்டத்துக்கு மட்டும் அவர் யாரோ. அந்த மனிதர் என்னிடம், 'சார், தாலி கட்டினது போதாதா?' என்று கேட்டார். போதாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பையனை எப்படியோ பள்ளியில் சேர்த்துவிட்டோம். நன்றாகப் படிக்கிறான், பெருக்கல் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஆனால் பன்னிரண்டு வயதில் மற்றப் பிள்ளைகள் அடையாளக் கார்டு எடுக்கப் போகும் நாளில் அவன் என்ன செய்வான் என்ற எண்ணம் எனக்கு ஓயவில்லை.

இன்று இரவே செய்யுங்கள்

ஆகையால் நேயர்களே, இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். கோயில் கல்யாணத்தோடு நின்றுவிடாமல், பிள்ளை பிறப்பதற்கு முன்பே திருமணத்தைப் பதியுங்கள். மாப்பிள்ளையோ பெண்ணோ வேற்று நாட்டவர் என்றால் இது இரட்டிப்பு முக்கியம். தூக்கி வளர்க்கும் பிள்ளையானால் 'நம் பிள்ளைதானே' என்று வாய்வார்த்தையில் விடாமல் தத்தெடுப்பை முறையாகச் செய்யுங்கள். அதனால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பன்னிரண்டு வயதானதும் கார்டு எடுங்கள், பதினெட்டில் மாற்றுங்கள்.

வயதானவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்: எந்தத் தோட்டம், எந்த ஆஸ்பத்திரி, மருத்துவச்சி யார், கிராணி யார், எந்தப் பள்ளியில் எத்தனை வருஷம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் இடிந்தால் அதோடு செக்ரோலும் போய்விடும். சாட்சி சொல்லும் கிழவியும் போய்விடுவாள். பழைய பள்ளிச் சான்றிதழ் ஒன்றுகூட ஒரு நாள் உங்கள் பேரனுக்குக் கைகொடுக்கும். யாராவது முகவர் வந்து, இருக்கிற உரிமையை விட்டுவிடச் சொன்னால், விவரம் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

போன மாதம் தம்பினுக்குப் போயிருந்தேன். பாட்டி பிறந்த தோட்டம் எங்கே இருந்தது என்று தேடினேன். ரப்பர் மரமே இல்லை, செம்பனைதான் நிற்கிறது. திரும்பும் வழியில் எல்லைப் பலகை அருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். அதற்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால் வைத்து ஒரு நிமிஷம் நின்றேன். காலடியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பாட்டியின் சிவப்புக் கார்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். முதல் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்துக்கு அதை எடுத்துப் போவேன். ஒருவர் கைக்கு ஒருவராக அது வரிசையில் போகும். அன்று யாரும் 'பிறகு பார்க்கலாம்' என்று சொல்வதில்லை.